கலியமூர்த்தியின் தலைக்கு மேல்

முதலில் ஒரு மன்னிப்பு. இந்தப் பத்திரிகைக்கு வாராவாரம் நான் எழுதி அனுப்புகிற தாள்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற ஆபீஸ் தங்கை போன வாரம் போன் செய்து, "அண்ணே, பாதி எழுத்து படுத்துக்கினு இருக்குது, பாதி எழுத்து ஓடுது. எதப் புடிக்கிறது?" என்று கேட்டது. நான் ஐந்தாவது வரை படித்தவன். என் எழுத்து அப்படித்தான். பிழைகளை அந்தத் தங்கைதான் திருத்துகிறது.

இந்த வாரம் எழுத்து இன்னும் மோசமாக இருக்கும். நிறுத்தாமல் எழுதியிருக்கிறேன். நிறுத்தினால் மறுபடி தொடங்கமாட்டேன் என்று எனக்குத் தெரியும். எழுத்தை எப்படி வேண்டுமானாலும் திருத்துங்கள். சொன்ன விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம்.

ஆறடி தூரம்

கலியமூர்த்தி என் முன்னால் நிற்கிறான். எனக்கும் அவனுக்கும் நடுவில் ஆறடி இருக்கும். என் காலுக்கு முன்னால் புல்லில் ஒரு வெள்ளைப் பந்து. அவன் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். அவனுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் அவனுடைய துண்டு தரையில் விரிந்து கிடக்கிறது. பந்து அவன் தலைக்கு மேலே எழும்பி, அந்தத் துண்டில் போய் விழ வேண்டும்.

"மாமா, முடி வெட்டிக்கினு வந்துக்கிறேன். இன்னைக்கு உனக்கு ரெண்டு இஞ்சு லாபம்" என்றான்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெளியூர்க் கம்பெனி ஆட்கள், இருபது பேர் இருக்கும். நான் சிரிக்கவில்லை. பத்துப் பேர் என்னைப் பார்த்தால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும்.

கலியமூர்த்தி என் மனைவி அஞ்சலையின் தம்பி. வீராம்பட்டினத்துக்காரன். விடியற்காலையில் பைபர் போட்டில் கடலுக்குப் போவான். கரை ஏறி, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டு, மத்தியானத்துக்கு மேல் நான் வேலை செய்யும் கோல்ஃப் மைதானத்துக்கு வருவான். புதரில் விழுந்த பந்துகளைத் தேடி எடுப்பது அவன் வேலை. ஆட வருகிறவர்களின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பது என் வேலை. பெரிய மைதானம் இல்லை. கடற்கரையை ஒட்டிய ஒரு ஓட்டலுக்குச் சொந்தமானது. ஒன்பது குழி. எல்லாமே கிட்டக் கிட்ட. ஓட்டல் பேர் இங்கே வேண்டாம்.

குளத்தில் கிடைத்தது

அந்த வித்தைக்கு நான் வைத்திருந்த குச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கோல்ஃபில் தூரமாக அடிக்க ஒரு குச்சி, கிட்டத்தில் அடிக்க ஒரு குச்சி என்று பையில் பதினாலு வரை இருக்கும். அதில் கடைசிக் குச்சிக்கு எங்களுக்குள் 'அறுபது' என்று பேர். அதன் இரும்பு முகம் அறுபது டிகிரி மல்லாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் அடித்தால் பந்து முன்னால் போவதைவிட மேலேதான் அதிகம் போகும். நேராக ஏறி, விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். நடுவில் மணல்குழி, தண்ணீர் என்று ஏதாவது மறித்து, அதைத் தாண்டிய உடனே பந்து நிற்க வேண்டும் என்றால் அறுபதைத்தான் எடுப்பார்கள்.

கேட்கச் சுலபம். ஆடுகிறவர்கள் அதிகம் பயப்படுகிற குச்சி அதுதான். கிட்டே விழ வேண்டிய பந்துக்குக் கையைப் பெரிதாக வீச வேண்டும். பெரிதாக வீசப் பயந்து பாதியில் கையைப் பிடித்தால் போச்சு.

எங்கள் மைதானத்துக்கு ஒரு பெரியவர் வருவார். எங்கள் ஊர்க்காரர்தான், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். பாதி வருஷம் பிரான்சில், பாதி வருஷம் இங்கே. பிரெஞ்சுக்காரர்கள் ஐயா என்பதற்குச் சொல்கிற மாதிரி, முசே என்று கூப்பிடுவோம். ஒரு நாள் குளத்துக்கு இந்தப் பக்கம் நின்று அறுபதால் மூன்று பந்து அடித்தார். மூன்றும் தரையோடு தரையாகச் சீறிக்கொண்டு போய்க் குளத்தில் விழுந்தன. பிரெஞ்சில் ஏதோ திட்டிவிட்டுக் குச்சியையும் குளத்தில் வீசினார்.

நான் இறங்கி எடுத்துக்கொண்டு வந்தேன். வேட்டியில் துடைத்து நீட்டினேன்.

"எனக்கு வாணாம். நீயே கட்டிக்கினு அழு" என்றார்.

அன்றிலிருந்து அது என்னிடம் இருந்தது. மைதானம் மூடுகிற திங்கள்கிழமைகளில் நானாகவே அடித்துப் பார்த்தேன். தோசைத் திருப்பியைத் தோசைக்கு அடியில் விடுகிற மாதிரி, பந்துக்கு அடியில் இரும்பை வழுக்கி விட வேண்டும். பந்தைத் தூக்க நினைக்கக் கூடாது. அடியில் போனால் அதுவே எழும்பும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் ஆயின.

என் வாழ்க்கையில் நான் நன்றாகச் செய்த காரியம் இது ஒன்றுதான். பேச வராது. கடைக்குப் போனால் எனக்குப் பின்னால் வந்தவன் சாமான் வாங்கிக்கொண்டு போவான். ஆனால் அறுபதைக் கையில் எடுத்தால் யாரோடும் பேச வேண்டியதில்லை.

வெறும் கால்

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. அறுபதால் அடிக்கும்போது செருப்பு போடமாட்டேன்.

எங்கள் தரை கடற்கரைத் தரை. ஓர் இடத்தில் மணல், பக்கத்திலேயே இறுகின செம்மண். மேலே எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரியும். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால்தான் அடியில் என்ன இருக்கிறது என்று சொல்லும். அடி மெத்தென்று இருந்தால் இரும்பு வழுக்கிக்கொண்டு போகும். கெட்டியாக இருந்தால் இரும்பின் அடிவயிறு தரையில் மோதித் துள்ளும். துள்ளினால் அதன் விளிம்பு பந்தின் நடுவில் படும். பந்து மேலே ஏறாது. முன்னால் பாயும், கல் மாதிரி. முசேயின் மூன்று பந்தும் அப்படிப் போனவைதான்.

தலைக்கு மேலே அடிக்கிற வித்தையைத் தொடங்கியது கலியமூர்த்திதான். ஒரு திங்கள்கிழமை விளையாட்டாக முன்னால் வந்து நின்றான்.

"அடி மாமா, பாப்போம்."

"போடா அந்தாண்ட."

"நான் நின்னா நின்னதுதான். நீ உன் வேலயப் பாரு."

அப்படித்தான் நின்றான். கண்ணைக்கூட மூடவில்லை. பந்து அவன் தலையைத் தாண்டிப் போனது. போட்டில் வலை ஓடும்போது நிற்கச் சொன்ன இடத்தில் நிற்பதுதான் வேலையே என்பான். கயிறு காலுக்குப் பக்கத்தில் ஓடும். ஒரு அடி மாற்றி வைத்தால் ஆளையே இழுத்துக்கொண்டு போய்விடும். அவனுடைய பெருமையெல்லாம் அப்படி நிற்பதில்தான் இருந்தது.

விஷயம் மேனேஜர் காதுக்குப் போனது. அதற்குப் பிறகு விருந்தாளிகள் வரும்போதெல்லாம் எங்களைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். எத்தனையோ முறை செய்தோம். ஒரு முறையும் தவறவில்லை. ஒவ்வொரு முறையும் கால் விரலால் தரையைக் கேட்டுவிட்டுத்தான் அடித்தேன்.

அந்தச் சாயங்காலம்

இரண்டு ஆடிக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

ஓட்டல் ஹாலுக்கு முன்னால் பழைய சிமெண்ட் பாட்மிண்டன் தரை ஒன்று இருந்தது. அந்த வாரம்தான் அதை மூடி, பாய் மாதிரிச் சுருட்டி வந்த புல்லை விரித்திருந்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. ஒரு டிப்பர் மண் வந்ததை நான் பார்த்தேன். சிமெண்டை உடைத்துவிட்டுக் கொட்டினார்களா, அதன் மேலேயே கொட்டினார்களா என்று கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

"இன்னைக்கு இங்கயே செய்ங்க. விருந்தாளிங்க ஹால்ல இருந்து எறங்கி வந்து பாப்பாங்க" என்றார் மேனேஜர். என் காலைப் பார்த்தார். "வெறுங்காலோட நிக்காதய்யா. போட்டோ எடுப்பாங்க." யாரோ விட்டுப்போன வெள்ளை ஷூ ஒரு ஜோடி கொண்டுவந்து போட்டார்கள். ஒரு சைஸ் பெரிது.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரே ஒரு வார்த்தை போதும். அது வரவில்லை. குனிந்து போட்டுக்கொண்டேன்.

விருந்தாளிகளில் ஒரு அம்மா, "அவர் மேல படாதா?" என்று கேட்டார்.

"எங்க மாமா வாயத் தொறக்கத்தான் பயப்படுவாரு மேடம். குச்சியத் தொட்டா பயப்பட மாட்டாரு" என்றான் கலியமூர்த்தி.

அடிப்பதற்கு முன்னால் வெறுமனே ஒரு முறை வீசிப் பார்ப்பது வழக்கம். வீசினேன். இரும்பு புல்லைத் தொட்ட இடத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம். மண்ணில் அந்தச் சத்தம் வராது.

கலியமூர்த்தி காதிலும் அது விழுந்தது. சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"மாமா, என்னா சத்தம் அது?"

இந்த இடத்தை நான் பலமுறை திரும்பப் போய்ப் பார்த்திருக்கிறேன். ஷூவைக் கழற்றியிருக்கலாம். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அவனைத் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கலாம். இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அவர்கள் முன்னால் நிறுத்தி, பேசி, காரணம் சொல்ல வேண்டும். அதைவிட அடித்து முடித்துவிடுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

"ஒண்ணுமில்ல. நீ நில்லு" என்றேன்.

அவன் நின்றான்.

இரும்பு துள்ளியதைக் கையில் உணர்ந்தேன். பந்து பாதி உயரம்தான் ஏறியது. ஈரத்துணியைக் கல்லில் அடித்தது போல ஒரு சத்தம். அவன் கத்தவில்லை. இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்தான். விரல்களுக்கு நடுவில் ரத்தம் வந்தது.

"மாமா, துண்டுல வுழுந்துச்சா?" என்று கேட்டான்.

நான்கு வரி

பெரிய ஆஸ்பத்திரியில் அன்று இரவே சொல்லிவிட்டார்கள். இடது கண் இனி இல்லை.

மறுநாள் காலை மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். ஆபீசுக்குப் போகிற வழியில் அந்தப் புல்லைத் தாண்டிப் போனேன். தண்ணீர் ஊற்றி வளர்க்கிற புதுப் புல். அவன் நின்ற இடத்தில் இரண்டு பாதத் தடம் அழுந்தி, பக்கத்தில் பக்கத்தில் இருந்தது. வேறு எந்தப் பக்கமும் திரும்பாத தடம். நான் நின்று பார்த்தேன். தோட்டக்காரர் புல்லை அமுக்கிச் சமமாக்குகிற உருளையை இழுத்துக்கொண்டு அந்தக் கோடியிலிருந்து வந்துகொண்டிருந்தார்.

மேனேஜர் உட்காரச் சொன்னார். அது வரைக்கும் என்னை அவர் உட்காரச் சொன்னதே இல்லை.

"போலீசு அது இதுன்னு போனா உனக்குத்தான் கஷ்டம். அடிச்சது நீ. வைத்தியத்த ஓட்டல் பாத்துக்கும். நீ ஒரு தாள் எழுதிக் குடுத்துடு. உன் கையால எழுதுனாத்தான் செல்லும்."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நான் பந்து அடிக்கும் நேரத்தில், பந்து தேடும் வேலை செய்யும் கலியமூர்த்தி என்பவர், யாரும் சொல்லாமல் தானாகவே குறுக்கே வந்துவிட்டார். நான்கு வரி. கோடு போட்ட தாள் கேட்டு வாங்கினேன். ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி நிறுத்தி எழுதினேன். பிழை வந்துவிடக் கூடாது என்று, சந்தேகம் வந்த இடத்தில் அவரையே கேட்டேன்.

முடித்ததும் எடுத்துப் பார்த்தார். "பரவால்லயே, கையெழுத்து நல்லாத்தான் இருக்குது" என்றார்.

ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதையும் எழுதிவிடுகிறேன்.

குறுக்கால கலியா

ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் ஓட்டலுக்கு நியாயம் கேட்கப் போனார்கள். மேனேஜர் என் தாளை எடுத்துக் காட்டினார். உங்கள் வீட்டு மாப்பிள்ளையே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றார். அவர்கள் படித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். தாளில் குடித்திருந்தான் என்று இல்லை. ஊர் அதைச் சேர்த்துக்கொண்டது.

அஞ்சலை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சோறு போடுவாள். பேச மாட்டாள். முதலியார்பேட்டையில் எங்கள் வீடு ஒரே அறை. அதற்குள் ஒருத்தரோடு பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை.

கலியமூர்த்தி மட்டும் வீட்டுக்கு வந்தான். கட்டு பிரித்த பிறகு வந்தான். டீயை டம்ளரில் ஆற்றும்போது பாதி தரையில் ஊற்றினான். ஒரு கண்ணுக்குத் தூரம் தெரியாது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அஞ்சலை துணி எடுக்க உள்ளே போனாள்.

"நீ எழுதினத ஊர்ல படிச்சாங்க மாமா" என்றான்.

நான் தரையைப் பார்த்தேன்.

"நான் அசையல. அது உனக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்டா."

"செரி. அது போதும்."

அது போதவில்லை. உடம்பு தேறி, அவன் போய்வந்துகொண்டிருந்த போட்டுக்காரரிடம் போனான். அவர் கெட்டவர் இல்லை. அவனை உட்கார வைத்துத்தான் சொன்னார்.

"ஒத்தக் கண்ணப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல கலியா. அதோட கடலுக்குப் போறவங்க நம்ம ஊர்லயே இருக்காங்க. ஆனா நிக்க வேண்டிய எடத்துல நிக்காதவன என்னால கூட்டினு போவ முடியாது. கயிறு ஓடும்போது நீ குறுக்க வந்தா நீயும் போவ, கூட நிக்கறவனும் போவான். நான் யார் வூட்ல போயி பதில் சொல்றது?"

மற்ற போட்டுக்காரர்களும் அதையே வேறு வேறு மாதிரி சொன்னார்கள். இப்போது கலியமூர்த்தி பெரிய மார்க்கெட்டில் மீன் பக்கம் ஐஸ் பெட்டி தூக்குகிறான். இடது பக்கம் வருகிறவர்கள் மேல் மோதிக்கொள்கிறான். திட்டு வாங்குகிறான். கடலில் பிறந்து வளர்ந்தவன், கடல் தெரியாத கூரைக்கு அடியில் நாள் முழுக்க ஈரத்தில் நிற்கிறான்.

ஒரு சாயங்காலம் யாரும் இல்லாதபோது அந்தப் புல்லில் வெறுங்காலோடு போய் நின்றேன். மேலே ஈரம். அடியில் அடுப்பு மேடை மாதிரிச் சூடு, பகல் வெயிலை வாங்கி வைத்திருந்த சிமெண்டின் சூடு. கால் வைத்த உடனே தெரிந்தது. அன்றைக்கும் தெரிந்திருக்கும். ஷூவின் மேல் பழியைப் போடலாம். ஆனால் சத்தத்தை நான் காதால் கேட்டேன். காதில் ஷூ இல்லை.

நேற்று தேர். அஞ்சலையோடு போயிருந்தேன். வடம் பிடிக்கிற கூட்டத்தில் நானும் நின்றேன். தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போடுகிற ஆட்களோடு கலியமூர்த்தி முன்பெல்லாம் நிற்பான். சக்கரம் உருளும்போது ஒரு சாண் இடத்தில் நின்று கட்டையை நீட்டுகிற வேலை. பழக்கத்தில் நேற்றும் அந்தப் பக்கம் போனான்.

கூட்டத்தில் ஒருத்தன் கத்தினான்: "யோவ், குறுக்கால கலியாவ அங்க வுடாதீங்க! சக்கரத்துக்கும் குறுக்க பூந்துடுவான்!"

எல்லாரும் சிரித்தார்கள். கலியமூர்த்தியும் சிரித்தான். சிரித்துக்கொண்டே பின்னால் வந்து, பெண்களும் பிள்ளைகளும் நிற்கிற பக்கம் நின்றான். அஞ்சலை என்னைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்.

"வாய்தான் வராது உனக்கு. கை நல்லாத்தான எழுதுது? எழுது."

போட்டுக்கார அண்ணனுக்கு

இந்தப் பத்திரிகை உங்கள் கரைக் கொட்டகைக்கு வருகிறது என்று தெரியும். வலை பிரிக்கிறவர்களுக்கு ஒருத்தர் உரக்கப் படிப்பார் என்று கலியமூர்த்திதான் சொன்னான். என் பழைய வாரங்களைக் கேட்டுச் சிரித்தார்களாம்.

அண்ணே, உங்களிடம் நேரில் சொல்ல மூன்று முறை கரைக்கு வந்தேன். ஒரு முறை நீங்களே, யாரைத் தேடுறீங்க என்று கேட்டீர்கள். சும்மா வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

ஓட்டலில் இருக்கிற தாளும் என் கையெழுத்துதான். அது அழகாக இருக்கும். அது பொய். இது வெளிவந்தால் நாளைக்கு எனக்கு அங்கே வேலை இருக்காது. போலீசும் வரலாம். வரட்டும்.

அன்றைக்குச் சத்தம் என் காதில் விழுந்தது. கலியமூர்த்தி என்ன சத்தம் என்று கேட்டான். ஒன்றுமில்லை, நில் என்று நான் சொன்னேன். அவன் நின்றான். பந்து முகத்துக்கு வந்தபோதும் நின்றான். அவன் கால் ஒரு விரல்கடைகூட மாறவில்லை. மறுநாள் காலை அந்தத் தடத்தை நான் பார்த்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் உருளை போனது.

இதைக் கொட்டகையில் எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

ஆடி மாதம், தேர் நிலைக்கு வந்த மறுநாள், சனிக்கிழமை காலை எழுதியது.